கம்ப்யூட்டருக்குச் சாமி வந்த கதை

நான் ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவன். அதுவும் சொந்த அக்கா மகள் கல்யாணத்தை. தாய்மாமன் என்ற முறையில் சீர்த்தட்டோடு முன்னால் நடக்க வேண்டியவன், செத்துப்போன மச்சான் மீது ஒரு சந்தேகத்தையும் உயிரோடிருக்கும் சம்பந்தியம்மா மீது இன்னொரு சந்தேகத்தையும் கிளப்பிவிட்டு வந்தேன். அதற்கு நான் காரணமில்லை, கம்ப்யூட்டர்தான் காரணம் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் நம்பவில்லை. (என் மனைவி மல்லிகா ஒருமுறை நம்புவதாகச் சொன்னாள். அன்று எனக்குக் காய்ச்சல் நூற்று மூன்று.)

நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலையில் எனக்கு வேலை. மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை உண்டா என்று பார்த்துச் சொல்வேன். அந்த அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதை எங்கள் சொந்தக்காரர் ஒருவர் எப்போதோ பார்த்துவிட்டார். அன்றிலிருந்து குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான். யார் வீட்டில் காதுகுத்து, கெடாவெட்டு, பூப்பு நன்னீராட்டு நடந்தாலும் படங்களெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்தவை நாற்பதாயிரத்துக்கு மேல்.

அவற்றையெல்லாம் ஒரு பழைய புரோகிராமில் வைத்திருந்தேன். தங்கமான புரோகிராம். ஃபோல்டருக்குப் பேர் வைத்தால் அந்தப் பேரில் வைத்துக்கொள்ளும், கேட்டால் எடுத்துக் காட்டும், மற்ற நேரத்தில் வாயைத் திறக்காது. (இப்படிப்பட்டவர்களை நம் குடும்பத்தில் பார்க்க முடியுமா?) ஒருநாள் அதைச் செய்தவர்கள், இனிமேல் இதை நடத்தப் போவதில்லை என்று நாலு வரி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் விடாமல் இரண்டு வருடம் ஓட்டினேன். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் படுத்ததும் புதிது வாங்கினேன். புதியது அந்தப் புரோகிராமை உள்ளேயே விடவில்லை. நிஜமாகவே அழுகை வந்துவிட்டது எனக்கு.

இதெல்லாம் நடந்த நேரமும் சரியில்லை. சரசு அக்காவின் ஒரே மகள் நித்யாவுக்குக் கல்யாணம் கூடிவந்திருந்தது. மாப்பிள்ளை கார்த்தி, குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கும் குடும்பம். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரை ஒருவர் அப்படிப் பிடித்துப்போயிருந்தது. ஒரு மாதத்தில் நிச்சயதார்த்தம். அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மேடையில உங்க மச்சான் படம் ஒண்ணு பெருசா வெக்கோணும்டா. அப்பன் இல்லாத புள்ளைன்னு ஒருத்தரும் நெனைக்கக் கூடாது. சிரிச்ச மாதிரி ஒண்ணு தேடிக் குடு."

மச்சான் பெரியசாமி இறந்து அப்போது எட்டு வருடம். சொந்த லாரி, அவரேதான் டிரைவர். லைனுக்குப் போனால் இருபது நாள், ஒரு மாதம் கழித்துத்தான் புதுச்சத்திரத்து வீட்டுக்கு வருவார். விசேஷம் நடக்கும்போதெல்லாம் அவர் நாக்பூரிலோ இந்தூரிலோ இருப்பார். அதனால் படமே கிடையாது. கல்யாணப் படத்தில் மாலைக்கு மேலே மூக்கும் கண்ணும் மட்டும்தான். வீட்டில் மாட்டியிருந்தது லைசென்ஸ் படத்தைப் பெரிதாக்கியது. அதைப் பார்த்தால் அவரைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று: இருபத்தெட்டு வயதில் முதல் லாரி எடுத்த அன்று, பம்பரில் கால் வைத்து நிற்கும் படம். "இதையா வெக்கறது? மேடையில ரெண்டு மாப்பிள்ளை ஆயிப்போகும்டா" என்று அக்கா தள்ளிவிட்டாள்.

நாற்பதாயிரத்தில் எங்காவது ஒரு மூலையில் மச்சான் நின்றிருப்பார். தேடித்தர ஒரு நல்ல புரோகிராம் வேண்டும். வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்று, என் படங்களையெல்லாம் எங்கேயோ கொண்டுபோய் வைத்துக்கொள்கிறேன், மாதாமாதம் வாடகை கொடு என்றது. இன்னொன்று தேதிவாரியாக அடுக்கியது. நான் பழைய படங்களையெல்லாம் ஒரே நாளில் ஸ்கேன் செய்திருந்ததால், என் அப்பா கல்யாணமும் என் மகனின் முதல் பிறந்தநாளும் ஒரே செவ்வாய்க்கிழமையில் நடந்ததாக அது முடிவுகட்டியது. மூன்றாவது, ஒரே மாதிரி இருக்கும் படங்களைக் கழித்துவிடலாமா என்று கேட்டு, பங்காளிகள் முப்பது பேரில் இருபத்தாறு பேரை நீக்கப் பார்த்தது.

நாலாவதாக வந்ததுதான் இந்தக் கெரகம். தமிழில் பேசியது. முகத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்குமாம். "முதலில் எனக்குக் கொஞ்சம் கற்றுக்கொடுங்கள். பிறகு நானே தேடிக்கொள்கிறேன்" என்று அடக்கமாகக் கேட்டது. ஆஹா, பிள்ளை என்றால் இதல்லவா பிள்ளை என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு லீவு போட்டு, அக்காவை வரவழைத்து, பாடம் ஆரம்பித்தேன். திரையில் வட்டத்துக்குள் ஒரு முகம் வரும். கீழே "இவர் யார்?" என்று கேட்கும். நாம் பேரை அடிக்க வேண்டும். முதல் முகம் மச்சான், அந்த லாரிப் படம். லாரி ஸ்டாண்டில் அவரைக் கூப்பிடுவதுபோல் 'சாமி' என்று அடித்தேன். தமிழில் அடிப்பது எனக்கு இன்றைக்கும் கிணறு வெட்டுகிற வேலை. எழுத்து எழுத்தாகத் தேட வேண்டும். அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அக்கா திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நான் கீபோர்டைப் பார்த்து அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்த பேரை அது ஞாபகம் வைத்துக்கொண்டது. 'சா' என்றாலே 'சாமி' என்று நிரப்பிவிடும்.

"இது நித்யா. இது நீயி. இது உன்ற பொண்டாட்டி, மூஞ்சிய எப்பிடி வெச்சிருக்கறா பாரு. இது... அய்யோ, என்ற சாமி!"

அக்காவின் குரல் தழுதழுத்தது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. புருஷனை நினைத்துக் கலங்குகிறவளை முறைத்துப் பார்ப்பது நாகரிகமா? 'சா' அடித்து என்டரைத் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "பாவம் சாமி, எப்பிடி முழிக்குது பாரு" என்றாள். அதையும் தட்டினேன். நடுவில் மல்லிகா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "காப்பி ஆறுது சாமி. குடி சாமி" என்றாள் அக்கா. என் விரல்கள் அப்போது நல்ல வேகத்தில் இருந்தன.

அன்று மாலை கிளம்பும்போது, "இத்தன படம் இருக்குதாடா? எனக்குத் தெரியவே தெரியாது" என்று அக்கா சந்தோஷமாகக் கேட்டாள். புரோகிராம், "நன்றி. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது.

எனக்கு வார விடுமுறை புதன்கிழமை. அந்தப் புதன் மத்தியானம் மல்லிகா பள்ளிக்கூடத்தில் (அவள் டீச்சர்), மகனும் அங்கேதான். வெளியே சித்திரை வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. உச்சிவேளையில் கிணற்றுப் பக்கம் போகாதே, புளியமரத்தடியில் நிற்காதே என்றெல்லாம் எங்கள் ஊரில் சொல்வார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதே என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. நான் உட்கார்ந்தேன்.

"சாமியின் 1,206 படங்கள் கிடைத்துள்ளன" என்றது.

ஆயிரத்து இருநூறா! லைனிலேயே கிடந்த மனுஷனுக்கா? முதல் படத்தைத் திறந்தேன். எங்கள் வீட்டுப் பால்காய்ச்சு. அடுப்பின் முன்னால் மல்லிகா, பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குள் இருட்டு. அந்த இருட்டைச் சுற்றி ஒரு சின்னச் சதுரம். கீழே 'சாமி'.

மச்சான் செத்து இரண்டு வருடம் கழித்துத்தான் நாங்கள் இந்த வீட்டில் பால் காய்ச்சினோம்.

அடுத்தது நித்யாவின் கல்லூரி விழா. கடைசி வரிசையில் கும்பலுக்கு நடுவே பாதி முகம் மட்டும் தெரிகிற யாரோ ஒருவர். 'சாமி'. அடுத்தது போன பொங்கல், எங்கள் வாசல். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. நாற்காலிக்கு மேலே, ஆள் உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில், வெறும் சுவரைச் சுற்றிச் சதுரம். பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர்தான். இன்னும் பெரிதாக்கினேன். சுவரில் எதுவோ என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. அதற்குமேல் பெரிதாக்க எனக்குத் தைரியம் இல்லை.

மூலையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. 1,206 என்பது 1,219 ஆனது. 1,224. நான் ஒன்றுமே செய்யவில்லை, கை மடியில் இருந்தது. அது பாட்டுக்குத் தேடிக்கொண்டிருந்தது, அவர் பாட்டுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. மேசைக்கு அடியில் யூபிஎஸ் மட்டும் கீக்... கீக்... என்று கத்த, திரையில் புதிதாக ஒரு வரி வந்தது.

"சாமி இன்று உங்களுடன் இருக்கிறார். பார்க்க விரும்புகிறீர்களா?"

செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு வந்துவிட்டேன். தார்ரோட்டில் கால் பொரிந்தது. பரவாயில்லை என்று அங்கேயே நின்றேன். கால்மணி நேரம் கழித்து, படித்தவன், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போய், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அந்த வரியை அழுத்தினேன். அன்று காலையில் எடுத்த படம் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன். என் முகத்தைச் சுற்றிச் சதுரம். கீழே 'சாமி'.

சாயங்காலம் மல்லிகா வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க, கம்ப்யூட்டருக்கு யாரு திருநீறு பூசினது?"

சொன்னேன். "கெட்டுப்போச்சுன்னா கடைக்குக் கொண்டு போங்க" என்று முடித்துக்கொண்டாள். நானும் அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் காலையில் ஆலைக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு தடவை பார்ப்போம் என்று உட்கார்ந்ததுதான் வினை. இரவெல்லாம் உழைத்து அது எனக்கு ஒரு பரிசு செய்து வைத்திருந்தது. தலைப்பு: "சாமி: அன்றும் இன்றும்". இடதுபக்கம் லாரி பம்பரில் கால் வைத்த மச்சான். வலதுபக்கம், அக்கா வீட்டுக் கூடத்தில் மிக்சர் தட்டோடு உட்கார்ந்திருக்கும் கார்த்தி. பெண் பார்க்க வந்த அன்று எடுத்தது.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அதே நெற்றி. அதே காது. தலையைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்துப் பார்க்கிற அதே பார்வை. 'இது சாமி இல்லை' என்ற பொத்தானை அழுத்தினேன். "உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டது. உறுதி போய்விட்டது.

பேய் பயம் போன இடத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மச்சான் குமாரபாளையத்துக்கு அடிக்கடி லோடு ஏற்றப் போவார். போனால் உடனே திரும்ப மாட்டார். கார்த்திக்கு வயது இருபத்தொன்பது. நான் கணக்கில் மட்டம்தான், ஆனாலும் அன்று எல்லாக் கணக்கும் சரியாக வந்தது. ரத்தம் ஒன்று என்றால் இவன் நித்யாவுக்கு அண்ணன் அல்லவா? பங்காளி முறையென்றாலே எங்கள் பக்கம் பேச்சை எடுக்க மாட்டார்கள். இது அதற்கும் மேலே. (ஒரு புரோகிராமை நம்பி இவ்வளவு தூரம் போனாயா என்று நீங்கள் கேட்கலாம். அது தமிழில் பேசியதுங்க. இங்கிலீஷில் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.)

அக்காவுக்குப் போன் போட்டேன். மிகவும் நாசூக்காகக் கேட்டதாக நினைப்பு.

"ஏக்கா, மச்சான் குமாரபாளையம் போனா எத்தன நாள் தங்குவாரு?"

"மூணு நாள். சமயத்துல நாலு நாள் ஆகும். எதுக்குடா கேக்கற?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற கேள்வியா இது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் அந்தக் காலத்துல நெனைச்சிருக்கறேன்டா. அந்த ஊருக்குப் போயிட்டு வந்தா மட்டும் மனுசன் சிரிச்சுக்கிட்டே வருவாரு. எதுக்குன்னு கேட்டதில்ல. கேட்டு, ஏதாச்சும் சொல்லிப்போட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றாள்.

கையில் போனோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு படம் கேட்டவளுக்கு நான் என்ன கொடுத்திருக்கிறேன்! "நித்யாகிட்ட மூச்சு விட்றாத. நீ போயி என்னன்னு பாத்துட்டு வா" என்று சொல்லி வைத்துவிட்டாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. ஆனாலும் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். மல்லிகாவிடம் விஷயத்தை வாட்ஸப்பில் மட்டும் எழுதினேன். நேரில் சொன்னால் விடமாட்டாள்.

திருச்செங்கோடு வரை ஜன்னலோரத்தில், எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தேன். லாரிக்காரர்கள் பற்றிப் பொதுவாக ஆரம்பித்து, தங்கும் வசதி பற்றிப் பேசி, மெல்ல மெல்ல உள்ளே போக வேண்டும். சங்ககிரி தாண்டும்போது எனக்கே என் சாமர்த்தியத்தில் நம்பிக்கை வந்துவிட்டது.

வீட்டை ஒட்டியே பட்டறை. பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. சம்பந்தி நூல்மூட்டையைத் தள்ளிவைத்து நாற்காலி போட்டார். அதிகம் பேசாத மனுஷன். சம்பந்தியம்மா மோர் கொண்டுவந்தார். கார்த்தி ஈரோடு போயிருந்தான், அந்த மட்டுக்கும் என் குலதெய்வம் கைவிடவில்லை.

"லாரிக்காரங்க யாராச்சும் பழக்கமுங்களா?" என்று நாசூக்காக ஆரம்பித்தேன்.

"என்னங்க?" என்றார் சம்பந்தியம்மா, காதில் கையை வைத்து.

தறிச் சத்தத்தில் நாசூக்கு எடுபடவில்லை. கொஞ்சம் குரலை உயர்த்தினேன். "லாரிக்காரங்க! இங்க வந்து தங்குவாங்களா?"

"பூரியா? சாப்படறீங்களா?"

பொறுமை போய்விட்டது எனக்கு. எழுந்து நின்று, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினேன். "கார்த்தி எங்க மச்சானாட்டவே இருக்கறானுங்களே! அது எப்பிடீங்க?"

'கார்த்தி'யில் தறிகள் ஓடின. 'மச்சானாட்டவே'யில் கரண்ட் போனது. பன்னிரண்டு தறியும் ஒரே நொடியில் நிற்க, மீதிக் கேள்வி முழுவதும் அந்த அமைதியில் தெளிவாக, கணீரென்று விழுந்தது. நின்றுபோன தறிகளுக்கு நடுவிலிருந்து மூன்று தலைகள் திரும்பின. சம்பந்தி நூல்கண்டைக் கீழே வைத்தார்.

அந்த அமைதியில் என் போன் அடித்தது. எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கர் அமுங்கிவிட்டது.

"ஏனுங்க, நான் ஸ்கூல்ல பர்மிசன் போட்டு ஊட்டுக்கு வந்து பாத்தேன்" என்றது மல்லிகாவின் குரல், பட்டறை முழுவதும். "அங்க போயி வாயத் தொறந்துடாதீங்க! நீங்க எல்லாத்துக்கும் சாமின்னு பேரு வெச்சிருக்கறீங்க! நம்ம பையன் கைக்கொழந்தையா இருக்கறது சாமி, நித்யா சாமி, நீங்க சாமி, கருப்பணார் கோயில்ல வெட்டறதுக்கு நிறுத்தி வெச்ச கெடாவும் சாமி! அண்ணி வாயில எல்லாத்துக்கும் சாமிதானுங்க, பொறந்ததுல இருந்து கேக்கறீங்க, தெரியாதா? காப்பி குடி சாமின்னு உங்களச் சொன்னதுக்குக் கார்த்தி மூஞ்சி மேல ரெண்டு தடவ அடிச்சு வெச்சிருக்கறீங்க! கெடாவையும் மாப்பிள்ளையையும் ஒரே ஆளுன்னு சொல்லிக் குடுத்தா, அது பாவம், செவுத்துலயுந்தான் தேடும். சம்பந்தியம்மாகிட்ட ஒண்ணும் கேட்டுடலீங்களே?"

சம்பந்தியம்மா குனிந்து என் போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தார்.

"கேட்டுட்டாருங்க" என்றார்.

எனக்குப் பூமி பிளக்க வேண்டும் என்று இருந்தது. பிளக்கவில்லை. கும்பிட்டேன், காலில் விழப் போனேன், நடந்ததையெல்லாம் கோர்வையில்லாமல் உளறினேன். சம்பந்தியம்மா முகத்தில் சிரிப்பில்லை.

"வேற ஆரு இப்பிடிக் கேட்டிருந்தாலும் அந்தக் காலோட இந்த வாசப்படி தாண்டியிருக்க முடியாதுங்க" என்றார். நியாயம்தானே? பிறகு கையை நீட்டினார். "அப்பிடி என்ன ஒத்துமைன்னு நானும் பாக்கறேன். படத்தக் காட்டுங்க."

லாரிப் படத்தைப் போனில் எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்துக்காக வாசல்பக்கம் போய்ப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். திரும்பினபோது முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"இவரத் தெரியுமுங்க."

கரண்ட் இல்லாத அந்தப் பட்டறையில், நல்ல பகலில், முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல் இருந்தது. சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன்.

சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கினார். "அட, நம்ம சாமிண்ணனுங்க!" என்றார். அன்று அவர் சத்தமாகப் பேசியது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் சம்பந்தியம்மாதான் சொன்னார். முதன்முதலில் நாலு பழைய தறி வாங்கியபோது லாரியில் ஏற்றிவந்தது மச்சான். வந்த அன்று மழை பிடித்துக்கொண்டது. இறக்க ஆள் கிடைக்கவில்லை. வாடகையை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். மூன்று நாள் இருந்து, தோள் கொடுத்து இறக்கி, முதல் தறி ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கிறார். அதன் பிறகு இந்தப் பக்கம் லோடு என்றால், மறு லோடு கிடைக்கும் வரை வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு இங்கேதான் சாப்பாடு.

"பேரு ஊரெல்லாம் நாங்க பெருசாக் கேட்டுக்கலீங்க, சாமிண்ணன்தான். ஊட்ல பொட்டப்புள்ள பொறந்திருக்குதுன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போவாருங்க. கொஞ்ச வருசம் போனப்பறம் ஆளக் காணோம், எங்கியோ வடக்கத்திப் பக்கமே போயிட்டாராட்டம் இருக்குதுன்னு நெனச்சோம்" என்றவர், சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்தினார். "அந்தப் புள்ளதான் நம்ம நித்யாவா? அவிய ஊட்ல மாலை போட்டிருந்த படத்தப் பாத்தனே, எனக்குத் தெரியலியே!"

அழுதார். நானும் அழுதேன். போனில் மல்லிகாவும் அழுவது கேட்டது, இணைப்பைத் துண்டிக்க எல்லோரும் மறந்திருந்தோம். சம்பந்தி உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு படத்தை எடுத்துவந்தார். சந்தனம் வைத்த தறி. பக்கத்தில் பனியனும் மடித்துக்கட்டிய வேட்டியுமாக மச்சான், கை முழுக்கக் கிரீஸ், இடுப்பில் நாலு வயதுப் பையன். கார்த்தி. மச்சான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன். "மூணு நாள் தங்குனது தறி இறக்கறதுக்குக்கா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பாருடா" என்றாள் கடைசியில். "நான்தான் கேக்காமயே ஒரு பாரத்தச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கறேன்." அப்புறம் மூக்கை உறிஞ்சிவிட்டு, "அந்தம்மாகிட்ட நீ என்ன கேட்டேன்னு மட்டும் சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் வைதது முழுவதையும் இங்கே எழுத முடியாது. தடிப்பயலே என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை.

வீட்டுக்கு வந்து, அந்தப் படத்தை ஸ்கேன் செய்து புரோகிராமிடம் கொடுத்தேன். இருட்டிலும் சுவரிலும் கெடாவிலும் மச்சானைக் கண்டுபிடித்த மகராசன், பளிச்சென்று சிரிக்கும் அவர் முகத்தைச் சுற்றிச் சதுரம் போட்டுவிட்டு, "இவர் யார்?" என்று கேட்டது. நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மல்லிகா அதற்குள் அழித்துவிட்டிருந்தாள். மற்ற எல்லாவற்றுக்கும் அவள் காரணம் சொல்லிவிட்டாள். ஜன்னலில் தெரிந்தது கண்ணாடியில் விழுந்த என் நிழல், சுவரில் இருந்தது ஈரக்கறை. ஆனால் இத்தனை தப்பும் செய்த அது, மச்சான் சிரித்த படம் இருந்த ஒரே வீட்டுக்கு என்னை எப்படி அனுப்பியது? அதைக் கேட்டால் மட்டும் மல்லிகா அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுகிறாள். அந்தப் புரோகிராமை அன்றே எடுத்துவிட்டேன். இப்போது படங்களெல்லாம் வெறும் ஃபோல்டரில் கிடக்கின்றன.

நிச்சயதார்த்த மேடையில் அந்தப் படம்தான் ஆளுயரத்துக்கு நின்றது. மாமனார் இடுப்பில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும் படம் வேறு எந்தக் கல்யாணத்தில் இருக்கும்? வந்தவர்களெல்லாம் இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். சம்பந்தியம்மா ஒருவர் விடாமல், ஒரு வார்த்தை குறையாமல், நான் கத்தியதையும் நடித்துக் காட்டிச் சொன்னார். சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்தபடி நடந்த தாய்மாமன் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

போன ஆடியில் நித்யாவுக்கு ஆண்குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் தொட்டிலைச் சுற்றி இருபது பேர், யார் சாடை என்று விவாதம். நானும் எட்டிப் பார்த்து, பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்தாள். மல்லிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். சம்பந்தியம்மாதான் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்து, துணியை விலக்கி, வெளிச்சம் படும்படி திருப்பிக் காட்டினார்.

"மூக்கு எங்க ஊட்டுக்காரரது. காது என்னுது. நெத்தி உங்க அக்காளது. ஒவ்வொண்ணா இப்பவே நல்லாப் பாத்துக்கோங்க சம்பந்தி" என்றார். "பொறவு பஸ் ஏறி வந்து கேக்கக் கூடாதுங்க."